பைக்கில் ஆயில் வடிக்கும் வால்வு: வாங்கும் முன்னும் மாட்டும்போதும் பார்க்க வேண்டியவை

ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும், எஞ்சின் அடியில் ஆயில் வடியும் ஓட்டையை மூடி நிற்கும் ட்ரெயின் போல்ட்டை ஸ்பேனர் போட்டுக் கழற்றுகிறோம். அதற்குப் பதில் அந்த ஓட்டையிலேயே நிரந்தரமாக ஒரு சின்ன வால்வை மாட்டிவிடலாம். லிவரைத் திருப்பினாலோ குழாயைச் செருகினாலோ பழைய ஆயில் நேராகக் கேனில் இறங்கும். மாட்டுகிற வேலை ஒரு மணி நேரம்கூட ஆகாது. எது நம் வண்டிக்குச் சேரும் என்று கண்டுபிடிப்பதில்தான் என் நேரமும் பணமும் போனது. விற்கிறவர்கள் சொல்வதில்லை, ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் சிரிக்கிறார்கள். நாகர்கோவிலில் இருந்தாலும் சரி, குலசேகரத்தில் இருந்தாலும் சரி, அடுத்து மாட்டப்போகிறவர் இதைப் படித்துவிட்டு இறங்கினால் போதும்.

1. உங்களுக்கு இது வேண்டுமா?

கம்பெனி சர்வீஸில் மட்டுமே ஆயில் மாற்றுகிறவர் என்றால் வேண்டாம், காசை மிச்சப்படுத்துங்கள். வீட்டு முற்றத்தில் தானே மாற்றுகிறவருக்கும், தினமும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய்வந்து சீக்கிரம் சீக்கிரம் கிலோமீட்டர் ஏறுகிறவருக்கும் பலன் உண்டு.

பெரிய பலன் கை அழுக்காகாமல் இருப்பது அல்ல. எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. வருடக்கணக்கில் கழற்றி முறுக்கினால் போல்ட் திருகி ஏறுகிற அலுமினிய மரை தேய்ந்து, ஒருநாள் போல்ட் பிடிக்காமல் சும்மா சுற்றும். வால்வு மாட்டினால் அந்த மரையை அடிக்கடி தொட வேண்டியதில்லை.

ஆயில் ஃபில்டரும் வலைச் சல்லடையும் வழக்கம்போலத் திறந்துதான் ஆக வேண்டும், வால்வு அந்த வேலையைக் குறைக்காது. சில ராயல் என்ஃபீல்டு எஞ்சின்களில் ஆயில் வடிக்க ஒன்றுக்கு மேற்பட்ட இடம் உண்டு, அங்கே பாதி வேலைதான் மிச்சம். சில வண்டிகளில் ட்ரெயின் போல்ட் என்று நாம் நினைப்பது, உள்ளே ஸ்பிரிங்கும் வலையும் தாங்கி நிற்கிற பெரிய மூடி. அதில் வால்வு மாட்டவே முடியாது. ஸ்கூட்டரில் கியர் ஆயிலுக்கென்று பின்சக்கரத்துப் பக்கம் தனி போல்ட் இருக்கும், அதை எஞ்சின் ஆயில் போல்ட் என்று எண்ணிவிடாதீர்கள்.

2. வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

வாங்கும் முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இது. பெரும்பாலானோர் செய்யாததும் இதுதான்.

போல்ட் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பக்கவாட்டிலோ பின்பக்கமோ பார்த்திருந்தால் நல்லது. நேராகத் தரையைப் பார்த்திருந்தால் வால்வு எஞ்சினுக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கும். எவ்வளவு துருத்தும் என்று அளக்க ஒரு நேரான மரப்பட்டியோ இரும்பு ஸ்கேலோ போதும். எஞ்சினின் அடியில் எது மிகத் தாழ்வாக இருக்கிறதோ, அதை ஒட்டி முன்னும் பின்னுமாகப் பிடியுங்கள். பட்டிக்கும் போல்ட் இருக்கும் இடத்தின் எஞ்சின் பரப்புக்கும் இடையே உள்ள உயரத்தை மி.மீ. கணக்கில் குறியுங்கள். வால்வின் மொத்த உடல் அந்த உயரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால், அடிப்பாதுகாப்புத் தகடு இல்லாத வண்டியில் மாட்டாதீர்கள்.

நம்மூர் வேகத்தடைகளைக் கணக்கில் எடுக்காமல் முடிவு செய்யக் கூடாது. இந்திய சாலைக் காங்கிரசின் தரப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், நடுவில் 10 செ.மீ. உயரத்தில், மெதுவாக ஏறி இறங்க வேண்டும். ஊருக்குள் கோயில் முக்கிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஒரே இரவில் முளைப்பவை குறுகலாக, செங்குத்தாக இருக்கும். முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறாத அந்த ஒரு நொடியில் எஞ்சின் அடிவயிறு உரசும். ஸ்பிளெண்டர் பிளஸ்ஸின் தரை இடைவெளி 165 மி.மீ. பின்னால் ஒரு ஆளும் ஒரு சாக்கு அரிசியும் ஏறினால் அதுவும் குறையும். அதனால் பின்னால் ஆளை உட்காரவைத்தும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

நான் காட்டிய மெக்கானிக் அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "மாட்டித் தாறதுக்கு ஒண்ணுமில்ல தம்பி. நாளைக்கு வேகத்தடையில இடிச்சு வாயப் பொளந்துச்சின்னா எங்கிட்ட வரப்பிடாது, பாத்துக்கோ." அவர் பயமுறுத்தவில்லை. கசிகிற ஆயில் நேராகப் பின் டயர் உருளும் தடத்தில் விழும். எஞ்சின் போவது அப்புறம், முதலில் வண்டி வழுக்கும்.

பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் ரப்பர் தோட்டத்து வழியில் ஓட்டுகிறவர்களுக்கு என் கருத்து ஒன்றே: போல்ட் கீழே பார்த்திருந்தால் வால்வு வேண்டாம். வேரும் கல்லும் வேகத்தடையைவிட மோசம். தகடு இருந்தால், அதிலுள்ள ஓட்டை வழியாக வால்வுக்கும் கைக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் தகட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் வால்வு மாட்டியும் பலன் இல்லை.

சைலன்சர் குழாய் எவ்வளவு பக்கத்தில் போகிறது, சைடு ஸ்டாண்டை மடக்கும்போது எதிலாவது இடிக்குமா என்பதையும் அதே படுக்கையில் பார்த்துவிடுங்கள்.

3. மரையை அளவெடுங்கள்

விற்கிற பக்கங்களில் "12 மி.மீ." என்று மட்டும் போட்டிருப்பார்கள். அது பாதித் தகவல். போல்ட்டின் பருமன் ஒன்று, மரைக்கும் மரைக்கும் உள்ள இடைவெளி இன்னொன்று. 12 மி.மீ. போல்ட்டில் 1.25 இடைவெளியும் உண்டு, 1.5 இடைவெளியும் உண்டு. எனக்கு முதலில் வந்த வால்வு 1.25. வண்டிக்கு வேண்டியது 1.5. திருப்பி அனுப்பி மாற்றி வாங்குவதற்குள் ஆயில் மாற்ற வேண்டிய நாளும் தாண்டிவிட்டது.

தவறான மரை முதல் ஒன்றிரண்டு சுற்று ஒழுங்காக ஏறுவதுபோல இருக்கும், அப்புறம் இறுகும். அங்கே ஸ்பேனர் போட்டு அழுத்தினால் எஞ்சின் மரை வெட்டுப்பட்டுவிடும். அதற்குப் பிறகு லேத் பட்டறைதான்: ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே புது மரைச்சுருள் வைக்க வேண்டும்.

கார் பெயரைப் பார்த்து வாங்குவது இன்னொரு பொறி. டொயோட்டா கார்களில் பெரும்பாலும் 12 க்கு 1.25, ஹோண்டா கார்களில் 14 க்கு 1.5. ஹோண்டா பைக்குகளில் அதிகம் காண்பது 12 க்கு 1.5. "ஹோண்டாவுக்குப் பொருந்தும்" என்று போட்டிருப்பதை நம்பி பைக்குக்கு வாங்கினால் மாட்டாது.

அளவெடுக்க வண்டியின் ஆயிலை வடிக்கத் தேவையில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் உங்கள் வண்டிக்கான புது ட்ரெயின் போல்ட்டும் அதற்குரிய வாஷரும் வாங்குங்கள். ஆர்.சி. புத்தகத்தை, அல்லது செல்போனில் அதன் படத்தைக் கொண்டுபோங்கள். ஒரே பெயரில் விற்கும் வண்டியில்கூட ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறும், எஞ்சின் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் பார்த்துத்தான் சரியானதை எடுப்பார்கள். இந்தப் போல்ட் பின்னால் மாற்றுப் போல்ட்டாகவும் உதவும்.

வெர்னியர் காலிப்பரில் மரையின் வெளி விட்டத்தை எடுங்கள். 12 மி.மீ. போல்ட் 11.8, 11.9 என்று காட்டும், குழம்ப வேண்டாம். பிறகு பத்து இடைவெளியின் நீளம்: 15 மி.மீ. வந்தால் மரை 1.5, பன்னிரண்டரை வந்தால் 1.25. போல்ட்டில் பத்து மரை இல்லாவிட்டால் ஐந்தை எடுத்துப் பாதியாகக் கணக்கிடுங்கள். காலிப்பர் இல்லாதவர்கள் லேத் பட்டறையில் கொடுத்தால் மரை கேஜை வைத்து நொடியில் சொல்லிவிடுவார்கள்.

மரையின் நீளத்தையும் குறியுங்கள். வால்வின் மரை அதைவிட நீளமாக இருந்தால் உள்ளே எதிலாவது முட்டலாம், ரொம்பக் குட்டையாக இருந்தால் பிடிமானம் போதாது.

4. எந்த வகை?

லிவர் வகையில் உள்ளே ஒரு உருண்டை, வெளியே ஒரு கைப்பிடி. கைப்பிடியை ஸ்பிரிங்குக்கு எதிராகத் தூக்கித்தான் திருப்ப முடியும், தானாகத் திறக்காது. ஜப்பானின் ஃபுமோட்டோ இதில் பெயர்போனது. துருத்தல் அதிகம். ஆளில்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள், விளையாட்டுக்குக்கூட யாரும் திறக்க முடியாதபடி லிவருக்குப் பூட்டு கிளிப் சேர்த்து வாங்குங்கள்.

அழுத்து வகையில் கைப்பிடியே கிடையாது. மூடியைக் கழற்றிவிட்டு, குழாய் பொருத்திய முனையைத் திருகினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் வால்வு திறக்கும், முனையை எடுத்தால் மூடிக்கொள்ளும். ஜெர்மனியின் ஸ்டால்பஸ் இந்த வகை. கீழே துருத்துவது குறைவு, கல் தட்டித் திறந்துகொள்ள லிவர் இல்லை. பைக்குக்கு என் ஓட்டு இதற்கே. அந்த முனையைத் தொலைத்துவிட்டால் ஆயிலை வடிக்க முடியாது, அதைப் பத்திரமாக வையுங்கள்.

மூன்றாவது, போல்ட்டுக்கு நடுவே சின்ன ஸ்க்ரூ வைத்தது. மலிவு. வேகமாக வடிக்காது, எஞ்சின் மரையை மட்டும் காப்பாற்றும்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் மூடி இல்லாத வால்வை வாங்காதீர்கள். வாய்ப்பகுதியில் ஈரமண்ணும் உப்பும் சேர்ந்து இறுகிவிடும். திறக்கும் நாளில் முதலில் வெளியே வருவது அந்த மண்தான், ஸ்பிரிங்கும் துருவேறும்.

உள்ளே ஆயில் அழுத்தத்தில் வால்வு தெறித்துவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். பம்ப் கொடுக்கும் அழுத்தம் ஆயில் போகும் வழிகளில்தான். அடியில் தேங்கி நிற்கும் ஆயிலின் எடையை மட்டுமே வால்வு தாங்குகிறது. பயப்பட வேண்டியது வெளியிலிருந்து விழும் அடிக்குத்தான்.

5. செலவும் காகிதமும்

உள்ளூர்த் தயாரிப்புகள் நூறுகளில், பெயர்பெற்ற வெளிநாட்டு வால்வுகள் ஆயிரங்களில். வெளிநாட்டிலிருந்து நேரடியாகத் தருவித்தால் பக்கத்தில் தெரியும் விலையோடு கூரியர் கட்டணம், சுங்க வரி, ஜி.எஸ்.டி., கூரியர்காரர்களின் கையாளும் கட்டணம் எல்லாம் சேரும். அடையாளச் சான்றுக்கு ஆதாரோ பான் கார்டோ கேட்பார்கள். அதைப் பதிவேற்றாமல் விட்டால் பார்சல் சுங்கத்தில் கிடக்கும். வால்வின் விலையைவிட மற்றதெல்லாம் அதிகமாகிவிடக்கூடும். இந்தியாவிலேயே இருப்பு வைத்திருப்பவரிடம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து வாங்குவது மேல், மரை மாறி வந்தால் திருப்பியும் அனுப்பலாம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, பில்லில் அதற்கு மேல் போட்டிருந்தால் கேளுங்கள்.

ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டுமா என்றால், வேண்டாம். வண்டி டிஎன் 74 ஆனாலும் 75 ஆனாலும், ஆர்.சி.யில் பதிவாகும் விவரங்கள் எதுவும் இந்தப் போல்ட்டால் மாறுவதில்லை.

வாரண்டி வேறு கதை. ஆயில் குறைந்து எஞ்சின் பிடித்துக்கொண்டால், கம்பெனிப் போல்ட் இல்லையே என்று கைவிரிக்க அவர்களுக்கு இது ஒரு காரணம். இலவச சர்வீஸ் எல்லாம் முடியும் வரை பொறுங்கள். வாரண்டி இருக்கும்போதே மாட்டியே தீருவேன் என்றால் வால்வு பில், ஆயில் பில், பழைய போல்ட் மூன்றையும் எடுத்துவையுங்கள். சர்வீஸுக்கு விடும்போது வேலை பார்க்கும் பையனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அல்லது கம்பெனிப் போல்ட்டைத் திரும்ப மாட்டிக் கொண்டுபோங்கள். வால்வைப் பார்த்திராதவர் அதன் தலையில் பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு முறுக்கிவிட்டால் போச்சு.

6. எப்போது மாட்டுவது?

ஆயில் மாற்றும் நாளோடு சேர்த்து. தனியாக மாட்டினால் நல்ல ஆயில் வீண். இன்னொன்று, மழைக்காலத்தில் வேண்டாம். நமக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. நனைந்த தரையில் ஒழுகுவது ஆயிலா தண்ணீரா என்று தெரியாது. தை, மாசி, பங்குனி சரியான காலம்.

7. மாட்டும் வேலை

தேவை: சரியான ரிங் ஸ்பேனர் (பல வண்டிகளில் 17), டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்), புது வாஷர், பழைய துணி, ஆயில் கேன், அகலமான தட்டு, உங்கள் வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும் தர ஆயில். கிளட்ச் ஆயிலில் நனைந்து ஓடும் வண்டிக்கு கேனில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா பாருங்கள். கார் ஆயில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

வண்டியை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சைலன்சரின் சூடு ஆறும் வரை பொறுங்கள். சமதரையில் சென்டர் ஸ்டாண்ட். புது ஆயில் ஊற்றும் மூடி கழல்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஆயிலை வடித்த பிறகு மூடி இறுகிப்போயிருந்தால் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

போல்ட்டைக் கழற்றி முழுதும் வடியவிடுங்கள். பழைய வாஷர் போல்ட்டோடு வராமல் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும். அதன் மேலேயே புது வாஷரை வைத்தால் கசியும். நகத்தால் ஓட்டையைச் சுற்றித் தடவுங்கள், விளிம்பு தட்டினால் அது வாஷர். துணியால் சுத்தமாகத் துடையுங்கள்.

வால்வைக் கையால், விரலால் மட்டும் திருகுங்கள். நாலைந்து சுற்று வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். இறுகினால் நிறுத்துங்கள், கழற்றி மறுபடி நேராக வையுங்கள். டெஃப்லான் டேப், எம்-சீல், கம் எதுவும் வேண்டாம். டேப்பின் துணுக்கு உள்ளே போனால் ஆயில் பம்பின் வலையை அடைக்கும்.

முறுக்கும் அளவுக்கு வண்டிப் புத்தகத்தைப் பார்க்காதீர்கள், வால்வோடு வந்த தாளைப் பாருங்கள். வண்டியின் போல்ட் கெட்டியான இரும்பு. வால்வோ நடுவே ஓட்டை உள்ளது, பெரும்பாலும் பித்தளை. போல்ட்டுக்குக் கொடுக்கும் முறுக்கை இதற்குக் கொடுத்தால் கழுத்தில் முறிந்து பாதி உள்ளே மாட்டிக்கொள்ளும்.

லிவர் வகையில் ஒரு தொல்லை உண்டு: இறுகி நிற்கும்போது லிவர் முன்பக்கம் பார்த்து நிற்கலாம். முன்னால் இருந்தால் வரும் கல்லெல்லாம் அதன்மேல்தான். பின்னால் பார்க்க வைக்க இன்னும் கொஞ்சம் முறுக்கலாமே என்று தோன்றும், கூடாது. வாஷரின் கனத்தை மாற்றுங்கள். 1.5 மரை ஒரு முழுச் சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும். ஆக இப்போது இருப்பதைவிட முக்கால் மி.மீ. கனம் கூடிய வாஷர் போட்டால் வால்வு அரைச் சுற்று முன்னாலேயே நின்று, லிவர் பின்பக்கம் பார்க்கும். கால் சுற்று மாற்ற ஏறத்தாழ 0.4 மி.மீ. செப்பு வாஷர்கள் பல கனத்தில் கிடைக்கும், இரண்டை அடுக்க வேண்டாம்.

வால்வு மூடியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தபின் ஆயில் ஊற்றுங்கள். ஊற்றியதும் ஸ்டார்ட் செய்யாமல் ஐந்து நிமிடம் அடியில் பாருங்கள். பிறகு ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சற்று நேரம் கழித்து ஆயில் அளவைப் பாருங்கள். பெரும்பாலான ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும்.

8. முதல் வாரம்

இரவில் எஞ்சினுக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, மேலே கல் வையுங்கள். காலையில் தாளில் ஒரு பொட்டு இருந்தாலும் வாஷரைப் பாருங்கள். தோவாளை, ஆரல்வாய்மொழிக் காற்றில் தாள் பறந்துவிடும் என்பவர்கள் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுங்கள். மாட்டிய தேதியையும் கிலோமீட்டரையும் வண்டிப் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிவையுங்கள். நீண்ட பயணம் கிளம்பும் முன் குனிந்து வால்வை ஒரு கை தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். பழைய போல்ட்டையும் ஒரு வாஷரையும் சீட்டுக்கு அடியில் போட்டுவையுங்கள், வழியில் வால்வு அடிபட்டால் அதுதான் வீடு சேர்க்கும்.

9. அடுத்த தடவை வடிக்கும்போது

வால்வின் துளை சின்னது. போல்ட்டைக் கழற்றினால் மளமளவென்று கொட்டுகிற ஆயில் இதில் நூலாக இறங்கும், பொறுமை வேண்டும். எஞ்சின் இளஞ்சூடாக இருந்தால் சீக்கிரம் வடியும். வால்வின் உள்முனை ஓட்டையின் தரையைவிடச் சற்று உயர்ந்து நிற்பதால் கொஞ்சம் பழைய ஆயில் உள்ளேயே தங்கும். வண்டியை வால்வுப் பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடித்தால் பெரும்பகுதி வந்துவிடும். புது ஆயிலை மொத்தமாகக் கவிழ்க்காமல் குச்சியைப் பார்த்து ஊற்றுங்கள். சல்லடை சுத்தம் செய்யும் சமயங்களில் வால்வையே கழற்றி அடி வண்டலை வெளியே விடுங்கள். பழைய போல்ட்டின் முனையில் இரும்புத்தூள் பிடிக்கும் காந்தம் இருந்திருந்தால், அது இப்போது இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வடித்த ஆயிலை புது ஆயில் வந்த அதே கேனில் ஊற்றி மூடுங்கள், குழாய் இருப்பதால் ஒரு சொட்டும் சிந்தாது. ஓடையிலோ கால்வாயிலோ தென்னை மூட்டிலோ ஊற்ற வேண்டாம். பழைய எஞ்சின் ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. கரையானுக்கு நல்லது என்று வாங்கிப்போக வருகிறவர்களுக்கும் நான் கொடுப்பதில்லை, தேய்ந்த உலோகத்தூள் எல்லாம் அதில்தான் இருக்கிறது. கொஞ்சம் பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் பழைய ஆயிலுக்கென்று பீப்பாய் வைத்து, மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் கொடுப்பார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்குகிற இடத்திலேயே கேட்டுவைத்துக்கொண்டு, இரண்டு மூன்று கேன் சேர்ந்ததும் கொண்டுபோய்க் கொடுங்கள்.